அமெரிக்காவில் வலப்பக்கம் கார் ஓட்டப் போகிறீர்களா?

கிளம்பும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிவிடுங்கள். 1000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். நம்மூர் லைசென்ஸையும் மறக்காமல் எடுத்துப் போங்கள், அது கையில் இல்லாவிட்டால் இந்த அனுமதிக்கு மதிப்பே கிடையாது. விமானத்திலிருந்து இறங்கியதும் தூக்கக் கலக்கத்தோடு ஸ்டீயரிங் பிடிக்க வேண்டாம், ஒரு ராத்திரி தூங்கி எழுந்த பிறகு காரை எடுங்கள்.

வாடகைக் கார் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக்தான், கியர் தொல்லை இல்லை. இண்டிகேட்டர் இடது கைப்பக்கம் இருக்கும், முதலில் நாலைந்து தடவை வைப்பர்தான் ஆடும், அதில் ஆபத்து ஒன்றுமில்லை. மனதில் பதிக்க வேண்டியது மஞ்சள் கோடு. எதிரே வரும் வண்டிகளையும் உங்களையும் பிரிப்பது அதுதான், அது எப்போதும் உங்கள் இடப்பக்கம் இருக்க வேண்டும், வலப்பக்கம் தெரிந்தால் தப்பான பக்கத்தில் போகிறீர்கள் என்று அர்த்தம்.

வலப்பக்கம் உட்கார்ந்தே ஓட்டிப் பழகியதால், இப்போது உங்கள் வலப்பக்கம் எவ்வளவு கார் இருக்கிறது என்பது சட்டென்று பிடிபடாது, வண்டி தானாகவே வலது ஓரத்துக்கு ஒதுங்கிக்கொண்டே போகும், ஓரமாக நிற்கும் கார்களின் கண்ணாடியில் உரசுவது இப்படித்தான். இரண்டு பக்கக் கண்ணாடியிலும் லேன் கோடு சமமான தூரத்தில் தெரிகிறதா என்று அடிக்கடி பாருங்கள்.

வலது திரும்புவது சின்ன வளைவு, ஓரத்தை ஒட்டியே திரும்பலாம். இடது திரும்பும்போது எதிர்வண்டிகளுக்கு வழிவிட்டு, சந்திப்பின் நடுவைத் தாண்டிப் பெரிதாக வளைய வேண்டும். சிவப்பு விளக்கிலும் முழுசாக நிறுத்திவிட்டு வலது திரும்பலாம், கூடாது என்று பலகை இருந்தாலொழிய. நியூயார்க் நகரத்தில் பொதுவாக அதற்கு அனுமதி இல்லை.

நெரிசலான சாலையைப் பற்றிப் பயப்படாதீர்கள், முன்னால் போகிற காரைத் தொடர்ந்தால் போதும். பயப்பட வேண்டியது காலி ரோடுதான். விடிகாலையில் பெட்ரோல் பங்க்கிலிருந்தோ ஹோட்டல் பார்க்கிங்கிலிருந்தோ வெளியே வரும்போது பின்தொடர ஒரு வண்டியும் இருக்காது, அப்போது கை பழைய பழக்கத்துக்கு இடப்பக்கம் திருப்பிவிடும். ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் 'வலப்பக்கம்' என்று பக்கத்தில் இருப்பவரைச் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் இன்னொன்று: எதிரே ஒரு வண்டி திடீரென்று நேராக வந்தால் நம்மூரில் இடப்பக்கம் ஒடிப்போம், அங்கே அப்படிச் செய்தால் எதிர்லேனுக்குள்தான் போவோம். பிரேக்கை மிதித்து வலப்பக்கம் ஒதுங்க வேண்டும் என்பதை வண்டி எடுக்கும் முன்பே மனதில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள், அந்த நொடியில் யோசிக்க நேரம் இருக்காது.

நடந்து சாலையைக் கடக்கும்போதும் முதலில் இடப்பக்கம் பாருங்கள், உங்களுக்குப் பக்கத்து லேனில் வண்டி அங்கிருந்துதான் வரும்.