ஒரே கிரீமில் நூறு ரோஜா

கேக் அலங்காரம் பழக ஒவ்வொரு தடவையும் விப்பிங் கிரீம் அடித்தால் காசு கரைந்துவிடும். பழகுவதற்கு இந்தக் கிரீம் போதும்: 200 கிராம் வனஸ்பதி, 400 கிராம் ஐசிங் சுகர், இரண்டு ஸ்பூன் தண்ணீர். பீட்டரில் வெள்ளையாக, மெத்தென்று வரும்வரை அடியுங்கள். நுனியில் நாசில் (கிரீம் வெளிவரும் உலோகக் குழல்) பொருத்திய பைப்பிங் பையில் போட்டு, எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து அதன் முதுகில் பிழியுங்கள். சரியாக வரவில்லையா, வழித்து மறுபடி பையில் போடுங்கள்.

1எம் என்ற நட்சத்திர வாய் நாசிலில் நடுவில் தொடங்கி வெளியே சுற்றினால் ரோஜா. வெளியிலிருந்து உள்ளே சுற்றி மேலே ஏற்றினால் கப்கேக் சுருள். நான் இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் முட்டைக்கோஸ்தான் பிழிந்தேன்.

பையில் பாதி நிரப்பினால் போதும். கைச்சூட்டில் இளகினால் பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஆர்டர் கேக்குக்கு மட்டும் இந்தக் கிரீம் வேண்டாம், அண்ணத்தில் அப்பிக்கொள்ளும்.