நம்பிக்கையை எண்ணாதீர்கள், திருவிழா வரியைக் கேளுங்கள்

சமயம் சமூக வாழ்வில் என்ன செய்கிறது என்று ஆராய தருமபுரி, கிருஷ்ணகிரி ஊர்களுக்கு வரும் மாணவர்கள் பலர் வினாத்தாளோடு வருகிறார்கள். 'கடவுள் நம்பிக்கை உண்டா? வாரம் எத்தனை முறை கோயிலுக்குப் போவீர்கள்?' எல்லோரும் 'உண்டு' என்பார்கள். அட்டவணை நிறையும், ஊர் பிடிபடாது.

அதைவிட, திருவிழா வரியைக் கேளுங்கள். குடும்பத்துக்கு எவ்வளவு? யார் வசூலிக்கிறார்கள், யாரிடம் வாங்குவதே இல்லை? கணவனை இழந்து தனியே இருக்கும் பெண் ஒரு குடும்பமாகக் கணக்கில் வருகிறாரா? பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவரின் பெயர் நோட்டில் இன்னும் இருக்கிறதா? வரி கொடுத்த எல்லாத் தெருவுக்கும் சாமி ஊர்வலம் போகிறதா? ஊருக்குள் யார், ஊருக்கு வெளியே யார் என்பது இந்தக் கேள்விகளில்தான் தெரியவரும். ஆனால் முதல் நாளே அந்த நோட்டைப் போட்டோ எடுக்கக் கேட்காதீர்கள். அப்புறம் யாரும் பேச மாட்டார்கள்.

இந்து, முஸ்லிம், கிறித்தவர் என்று மூன்று கட்டம் போட்டு நிறுத்திவிடுவது அடுத்த தவறு. ஓசூர் சந்திரசூடேசுவரர் கோயிலுக்குப் போவதும் வேடியப்பனைக் கும்பிடுவதும் ஒரே கட்டத்தில் விழுந்துவிடும். இங்கே வேடியப்பன் என்று வணங்கப்படுபவை பலவும் நடுகற்கள், மாடுகளைக் கவரவும் மீட்கவும் நடந்த ஆநிரைப் பூசலில் மாண்ட வீரர்களுக்கு நட்டவை. கல்வெட்டின் காலத்தைக் கவனமாகக் குறிக்கும் மாணவர், இன்று அங்கே பொங்கல் வைப்பது யார், பூசை உரிமை யாருக்கு என்று கேட்காமல் திரும்புவது எனக்குப் பெரிய வருத்தம்.

சிறு அம்மன் கோயிலுக்குக் கோபுரம் எழும்பினால் உடனே 'சமஸ்கிருதமயமாக்கம்' என்று எழுதிவிடுகிறார்கள். தாழ்ந்த நிலையில் வைக்கப்பட்ட சாதியினர் மேல்சாதியினரின் வழிபாட்டையும் பழக்கங்களையும் பின்பற்றித் தங்கள் நிலையை உயர்த்திக்கொள்ள முயல்வதைக் குறிக்கும் சொல் அது; சமூகவியலாளர் எம்.என்.சீனிவாஸ் 1952இல் குடகு மக்களைப் பற்றி எழுதியபோது முன்வைத்த கருத்து. பொருந்தலாம். ஆனால் பணம் எங்கிருந்து வந்தது, பழைய பூசாரி என்ன ஆனார், கிடா வெட்டு நின்றதா தொடர்கிறதா என்று விசாரித்த பிறகுதான் அதைச் சொல்ல முடியும்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவர்கள் ஏராளம். தமிழ் வினாத்தாள் மட்டும் போதாது.

ஊர்ப் பெயரை மாற்றினால் அடையாளம் மறைந்துவிடும் என்று நம்புவதுதான் ஆபத்தான தவறு. சாமி பெயர், திருவிழா மாதம், வட்டம் மூன்றையும் அப்படியே விட்டால் பக்கத்து ஊர்க்காரர் உடனே கண்டுபிடிப்பார். கோயில் நுழைவுச் சண்டையைப் பற்றி உங்களிடம் மனம் திறந்தவர் அதே தெருவில்தான் வாழ வேண்டும். ஆய்வேட்டைக் கொடுக்கும் முன், ஊர் எது என்று தெரியக்கூடிய ஒவ்வொரு குறிப்பையும் மாற்றுங்கள். மாற்ற முடியாவிட்டால் எடுத்துவிடுங்கள்.