கிரிபென்சிஸ் முட்டை போடணுமா? ஒரு சிரட்டை போதும்

தொட்டில கிரிபென்சிஸ்ங்குற அலங்கார மீனு ஜோடி வச்சிருக்கவங்க நெறைய பேரு முட்டையே போட மாட்டேங்குதுன்னு சொல்லுதாங்க, பாத்தா எல்லாம் சரியா இருக்கும், ஒளிய ஒரு பொந்து மட்டும் இருக்காது. நைஜீரியா, கேமரூன் பக்கத்து ஆத்து மீனு, பொந்துக்குள்ளதான் முட்டையிடும். அதுக்குன்னு கடைல பொம்மக் குகையெல்லாம் வாங்காதிய, நம்ம திருநவேலில சிரட்டைக்கா பஞ்சம்? தேங்கா ஒட்டல் இல்லாம சுரண்டி, சாயம் எறங்குறது கொறையுற வரைக்கும் தண்ணிய மாத்தி மாத்தி வேக வச்சு, ஓரத்துல ரெண்டு விரல் நுழையுற அளவு ஓட்டை போட்டு மணல்ல கவுத்தி வைங்க. ஓட்டை சின்னதா இருந்தாத்தான் அதுக்கு தைரியம்.

பொட்டைக்கு வயிறு நல்லா செவந்து வந்துட்டுன்னா ரெடின்னு அர்த்தம். முட்டைய சிரட்டைக்கு உள்பக்கம் மேல ஒட்டிரும், பொட்டை உள்ள காவல், ஆண் வெளிய நின்னு வாரவனையெல்லாம் வெரட்டும். அந்நேரம் ஆசைப்பட்டு சிரட்டைய தூக்கிப் பாத்துராதிய, மெரண்டா தன் முட்டையவே தின்னுரும். 3 நாள் வாக்குல பொரியும், குஞ்சு நீந்த இன்னும் ஒரு வாரம் வரை ஆவும், அதுக்குள்ள குஞ்சுக்குத் தீனியா ஆர்டீமியா (பொடி உப்புத்தண்ணி எறா) முட்டைய தனியா பொரிக்கப் போட்டு வச்சுக்கிடுங்க.

போர் தண்ணி ரொம்ப உப்புன்னா மழைத்தண்ணி கலந்துக்கிடுங்க, ஒரேயடியா இல்ல, கொஞ்சங்கொஞ்சமா.