சேலத்தில் உட்கார்ந்து மீன்பிடிப் படகு வரைவது எப்படி?

பத்துப் படகு வரைந்தவர் பதினோராவதற்கும் உட்காருவார். வீடோ தெருவோ கோபுரமோ வரையும்போது எங்கேயாவது ஒரு நேர்கோடு கைகொடுக்கும். படகில் அது கிடைக்காது. மேல்விளிம்பு அணியத்தில் எழும்பி, நடுவில் தொய்ந்து, அமரத்தில் லேசாக ஏறும். (கடற்கரையில் படகின் முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம்.) அந்தத் தொய்வு கைக்கு வரும்வரை மனசு விடாது.

1888-இல் தென் பிரான்சின் ஆர்ல் நகரில் இருந்த டச்சு ஓவியர் வான்கோ சில நாள் சேந்த்-மரி என்ற மீனவ ஊருக்குப் போனார். படகுகள் விடியற்காலையிலேயே கடலுக்குப் போய்விடும் என்பதால், ஊரைவிட்டுக் கிளம்பும் நாள் காலையில்தான் அவற்றைப் பேனாவால் வரைய முடிந்தது. எந்த இடத்தில் என்ன நிறம் என்று கோட்டோவியத்திலேயே குறித்துக்கொண்டு, ஆர்லுக்குத் திரும்பி எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். கடலுக்குச் சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சேலத்துக்காரர்களுக்கும் இதுதான் வழி: வடிவத்தை இங்கே பழகு, நிறத்தை அங்கே குறி, வீட்டில் தீட்டு.

வாங்க வேண்டியவை

300 ஜி.எஸ்.எம். நீர்வண்ணத் தாள், ஏ4 அளவு. இதைவிட மெல்லியது தண்ணீர் பட்டதும் அப்பளம்போல் நெளியும். 2பி பென்சில், மாஸ்கிங் டேப், 12-ஆம் எண், 6-ஆம் எண் வட்டத் தூரிகைகள், கயிறு வரைய நீள மயிர்த் தூரிகை ஒன்று. வண்ணம் ஐந்து போதும்: அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியன்னா, யெல்லோ ஓக்கர், ஒரு சிவப்பு, விரிடியன் பச்சை. கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் அதைவிட உயிருள்ள கருமை கிடைக்கும்.

முதல் படி: செருப்புப் பெட்டி

பழக ஏற்காடு ஏரியின் படகுத்துறைக்குப் போகலாம். மிதிபடகை விட்டுவிட்டுத் துடுப்புப் படகைப் பாருங்கள். மேட்டூர் அணையில் மீனவர்கள் ஓட்டும் பரிசல் அழகுதான், ஆனால் அது வட்டம். இந்தப் பாடத்துக்கு உதவாது.

சற்றே பக்கவாட்டிலிருந்து தெரியும் ஒரு செருப்புப் பெட்டியை மெல்லிய கோட்டில் வரையுங்கள். துடுப்புப் படகுக்கு நீளம் அகலத்தைப்போல் 3 மடங்கு. கடலோர ஃபைபர் படகுக்கு 4 முதல் 5 மடங்கு. பெட்டியின் மேல்முகத்தில் மூலைக்கு மூலை இரண்டு கோடு போட்டால் அவை வெட்டும் இடம்தான் நடு. அதன் வழியாக நீளவாக்கில் ஒரு கோடு இழுங்கள். அது முன்முகத்தைத் தொடும் புள்ளியிலிருந்து பெட்டி உயரத்தில் கால் பங்கு மேலே தூக்கினால், அதுவே அணியத்தின் நுனி.

அந்த நுனியிலிருந்து இரண்டு வளைவுகள், பக்கத்துக்கு ஒன்று. இரண்டும் பெட்டி விளிம்பை நடுப்பகுதியில் தொட்டு, பின்முகத்தில் மூலைக்குச் சற்று உள்ளே முடியவேண்டும். நமக்குக் கிட்டத்து வளைவு நீளமாக, சோம்பலாகத் தெரியும். எதிர்ப்பக்கத்தது அணியத்தருகே சட்டென்று திரும்பும். புதியவர்கள் இரண்டையும் ஒரே மாதிரி போட்டுவிடுவார்கள், படகு வாழையிலைத் தொன்னையாகிவிடும். அடிமுகத்தின் நடுக்கோடு ஏரா, படகின் முதுகெலும்பு. அணிய நுனியிலிருந்து ஏரா வரை சாய்வாக ஒரு கோடு இறக்கி, பெட்டியை அழித்துவிடுங்கள்.

ஒரே உட்காரலில் 20 படகு, படகுக்கு 3 நிமிஷம். வண்ணத்தைத் தொடாதீர்கள்.

இரண்டாம் படி: தண்ணீர்

பலகையின் மேல்பக்கத்துக்கு அடியில் ஒரு தடித்த புத்தகம் வைத்துச் சாய்வாக்குங்கள். படகைக் காய்ந்த தாளாக விட்டு, சுற்றிலும் நீலக் கலவையை மேலிருந்து கீழாக இழுங்கள். சித்திரை வெயிலில் சேலத்து மாடியில் இதைச் செய்தால் பாதித் தாள் போவதற்குள் மேலே காய்ந்து வரி விழுந்துவிடும். அதிகாலையில் உட்காருங்கள், தாளின் பின்பக்கத்தை மட்டும் முன்கூட்டியே நனைத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் சிக்கல் தலைகீழ்: காயவே காயாது. பொறுமையில்லாமல் ஈரத்தின்மேல் தூரிகை வைத்தால் தண்ணீர் உள்ளே ஓடி, காலிஃபிளவர்போல் திட்டு விரியும். புறங்கையால் தொட்டுப் பாருங்கள். குளிர்ச்சி இருந்தால் ஈரம் இருக்கிறது.

மூன்றாம் படி: உடம்பும் நிழலும்

வெயில் படும் பக்கத்துக்கு இளஞ்சாயம். அது காய்ந்ததும் நிழல் பக்கத்தை ஒரே வீச்சில் முடியுங்கள். திரும்பத் திரும்பத் தேய்த்தால் சேறாகும். பிறகு படகும் தண்ணீரும் சேரும் இடத்தில் ஒரு கருங்கோடு, சில இடங்களில் அறுந்ததாக. இதை விட்டுவிட்டால் படகு காற்றில் தொங்கும்.

பிம்பம் படகுக்கு நேர் கீழே விழவேண்டும். வெள்ளைப் படகின் பிம்பம் படகைவிட ஒரு படி கருமை, கரிய படகின் பிம்பம் ஒரு படி வெளிர். இடப்பக்கம் சாய்ந்த கம்பத்தின் பிம்பமும் இடப்பக்கமே சாயும்.

நான்காம் படி: துறைமுகம்

கடலூரோ நாகப்பட்டினமோ போவதென்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை போங்கள். கிழக்குக் கடற்கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும், பல கரையேற்றிப் பழுதுபார்க்கப்படும். தண்ணீருக்குள் மறைந்திருக்கும் ஏராவும் அடிவயிறும் அப்போதுதான் கண்ணுக்குக் கிடைக்கும். ஆட்கள் வேலை செய்கிற இடம் அது. கேட்டுக்கொண்டு ஓரமாக உட்காருங்கள்.

அங்கே வண்ணப்பெட்டியைத் திறக்காதீர்கள். பென்சிலில் வரைந்து, நிறத்தை அருகிலேயே எழுதுங்கள். “நீலம்” என்று எழுதினால் வீட்டுக்கு வந்ததும் ஒன்றும் விளங்காது. “வெளுத்த நீலம், உரிந்த இடத்தில் பழைய பச்சை, ஆணியடியில் துரு ஒழுகல்” என்று எழுதுங்கள். மணியையும் வெயில் வந்த திசையையும் சேருங்கள். கைப்பேசிப் படம் கயிற்றுக்கும் முடிச்சுக்கும் உதவும்; நிழலை அது கறுப்பாக்கிவிடும், அதை நம்பவேண்டாம்.

கடைசியாகப் பதிவெண். உடம்பு முழுதும் காய்ந்தபின், அணியத்தருகே 6-ஆம் எண் தூரிகையின் நுனியால் எழுதுங்கள். எழுத்துகள் மேல்விளிம்பின் வளைவோடு ஏறவேண்டும். நேராக எழுதினால் ஸ்டிக்கர் ஒட்டியதுபோல் இருக்கும். அணியம் நெருங்க நெருங்க ஒவ்வோர் எழுத்தையும் கொஞ்சம் ஒடுக்குங்கள்.