புவியியல் பட்டம்: செலவையும் வருமானத்தையும் கணக்கிடுவது எப்படி?

அக்கா மகள் பி.எஸ்சி. புவியியல்தான் படிப்பேன் என்று உறுதியாக இருந்தாள். வீட்டுப் பெரியவர்கள் "அதைப் படித்து என்ன வேலைக்குப் போவாய்?" என்று கேட்டார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்ததால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். தொகைகள் எடுத்துக்காட்டுக்கு மட்டுமே. உங்கள் வீட்டுத் தொகைகளைப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: செலவு

கட்டணம், விடுதி, பயணம், புத்தகம் எல்லாம் எல்லோரும் எழுதுவதுதான். பலர் விட்டுவிடுவது, படிக்கும் காலத்தில் கிடைக்காமல் போகும் சம்பளம். பிளஸ் டூ முடித்தவர் மாதம் 12,000 ரூபாய் வேலைக்குப் போயிருந்தால் மூன்று ஆண்டுகளில் 4,32,000 ரூபாய். அரசுக் கல்லூரியில் படித்தால் மொத்தச் செலவில் இதுதான் பெரிய தொகையாக வரும். மறுபக்கம், ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. மூன்று ஆண்டுக்கு 36,000 ரூபாயை வரவில் எழுதுங்கள்.

படி 2: கல்விக் கடன்

இங்கே நிதானமாகப் போங்கள். "படிக்கும்போது தவணை கட்ட வேண்டாம்" என்றால் வட்டியும் இல்லை என்று பொருள் அல்ல. பணம் கைக்கு வந்த நாளிலிருந்தே வட்டி ஏறுகிறது.

ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு லட்சம் வீதம் மூன்று லட்சம் வாங்குகிறீர்கள். வட்டி 10 சதவீதம். படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தனிவட்டிக் கணக்கில் முதல் லட்சத்துக்கு நான்கு ஆண்டு வட்டி 40,000, இரண்டாவதற்கு 30,000, மூன்றாவதற்கு 20,000. ஆக, முதல் தவணைக்கு முன்பே கடன் 3,90,000 ஆகிவிடுகிறது. ஐந்து ஆண்டுகளில் அடைக்க மாதத் தவணை 8,286 ரூபாய். வெறும் மூன்று லட்சத்துக்குப் போட்டால் 6,374தான் வரும். வித்தியாசம் மாதம் 1,900 ரூபாய்க்கு மேல்.

வழி உண்டு. படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவிடலாம். முதல் ஆண்டில் மாதம் சுமார் 833 ரூபாய், மூன்றாம் ஆண்டிலிருந்து 2,500 ரூபாய். இப்படிக் கட்டுவோருக்குச் சில வங்கிகள் வட்டியில் சலுகையும் தருகின்றன. கடன் வாங்கும் முன்பே கேளுங்கள்.

இணையத்தில் கிடைக்கும் தவணைக் கணிப்பான்கள் எனக்குப் பிடிப்பதில்லை. இந்த இடைக்கால வட்டியை அவற்றில் பல காட்டுவதே இல்லை. லிப்ரேஆபிஸ் கால்க் என்ற விரிதாள் மென்பொருள் இலவசம். அதில் பிஎம்டி (PMT) என்ற சூத்திரத்தில் மாத வட்டி, தவணைகளின் எண்ணிக்கை, ஏறிய கடன் தொகை மூன்றையும் கொடுத்தால் போதும்.

படி 3: வருமானத்தை வழிவாரியாகப் பிரியுங்கள்

"சராசரிச் சம்பளம்" என்று எங்கேயாவது ஓர் எண் இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். ஒரே வகுப்பில் படித்தவர்கள் மூன்று திசையில் போகிறார்கள்.

அரசுத் தேர்வு: குரூப் 4க்குப் பத்தாம் வகுப்பே போதும், அந்தச் சம்பளத்தைப் புவியியலின் பலனாக எழுதக் கூடாது. குரூப் 2க்கு ஏதாவது ஒரு பட்டம் வேண்டும். பாடத்திட்டத்தில் புவியியல் இருப்பது துணை, அவ்வளவே.

ஜிஐஎஸ் (கணினியில் வரைபடங்களையும் இடத் தகவல்களையும் கையாளுவது), தொலையுணர்வு (செயற்கைக்கோள் படங்களை ஆராய்வது) வேலை: தொடக்கச் சம்பளத்தைக் குறைத்தே போடுங்கள். 18,000 என்று வைத்தால் மேலே சொன்ன தவணை அதில் கிட்டத்தட்டப் பாதியைத் தின்றுவிடும். கடன் வாங்கித்தான் படிக்க வேண்டும் என்றால், என் கருத்தில், தூரத்துத் தனியார் கல்லூரியைவிடப் பக்கத்து அரசுக் கல்லூரியே மேல்.

ஆசிரியர் பணி: இதைக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

படி 4: ஆய்வகத்தைப் பாருங்கள்

ஜிஐஎஸ் வழியில் சம்பளத்தைத் தீர்மானிப்பது சான்றிதழைவிடக் கைப்பழக்கம். கல்லூரிக்குப் போய் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் கேளுங்கள்: "கோயம்புத்தூர் ஏரி ஒன்றை யூடிஎம் முறையில் வரைய எந்த மண்டலம்?" யூடிஎம் என்பது உலகைத் தீர்க்கக் கோடுகள்படி மண்டலங்களாகப் பிரிக்கும் வரைபட முறை. 43 என்று சொல்ல வேண்டும். சென்னை என்றால் 44. கிழக்கு 78 பாகை தீர்க்கக் கோடு தமிழ்நாட்டின் குறுக்கே போவதால் மாநிலம் இரண்டு மண்டலங்களில் கிடக்கிறது. கணினியில் உண்மையாகவே வேலை செய்தவருக்கு இது தெரிந்திருக்கும்.

ஆய்வகம் சுமார் என்றாலும் மனம் தளர வேண்டாம். கியூஜிஐஎஸ் இலவச மென்பொருள். சாதாரண மடிக்கணினியிலேயே ஓடும். டேராடூனில் உள்ள இஸ்ரோவின் இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் கட்டணமில்லா இணையவழி வகுப்புகள் நடத்துகிறது. விலை உயர்ந்த சான்றிதழ் வகுப்புகளுக்குப் பணம் கட்டும் முன் இவை இரண்டையும் முயன்று பாருங்கள்.

பின்சேர்க்கை

ஆசிரியர் பணியை விரிவாக எழுதும்படி வாசகர்கள் கேட்டிருந்தார்கள். அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியருக்கான அடிப்படை ஊதியம் 36,400 ரூபாயில் தொடங்குகிறது. முதுகலை ஆசிரியருக்கு 36,900. பலர் இந்த எண்ணை மூன்றாண்டுச் செலவுக்கு எதிரே எழுதிவிடுகிறார்கள். பட்டதாரி ஆசிரியராக மூன்றாண்டுப் பட்டத்தோடு இரண்டாண்டு பி.எட்., தகுதித் தேர்வு, நியமனத் தேர்வு எல்லாம் வேண்டும். முதுகலை ஆசிரியர் என்றால் முதுகலை இரண்டு ஆண்டுகளும் சேர்ந்து மொத்தம் ஏழு. படி 1இல் 12,000 ரூபாயை 36 மாதத்தால் பெருக்கினோம். இந்த வழிக்கு 84 மாதத்தால் பெருக்குங்கள்: 10,08,000 ரூபாய். அதன் பிறகும் தேர்வு அறிவிப்பு வரும்வரை காத்திருக்கும் மாதங்களைத் தனி வரியாகச் சேருங்கள்.