இரத்த ரிப்போர்ட் பார்க்கையில் விடக்கூடாத பிழைகள்

லாப் ரிப்போர்ட்டை விரித்ததும் எல்லாருடைய கண்ணும் போவது ‘எச்’, ‘எல்’ என்ற எழுத்துகளுக்குத்தான். கூடினால் எச், குறைந்தால் எல். அந்த எழுத்தைப் போடுவது இயந்திரம். பக்கத்தில் இருக்கும் ‘சாதாரண அளவு’ எப்படி வந்தது என்று தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும். நோயில்லாத நிறையப் பேரின் இரத்தத்தைப் பார்த்து, நடுவில் வரும் 95 வீதமானோரின் அளவை எடுத்து எல்லை போடுகிறார்கள். அப்படியென்றால் சுகதேகிகளிலும் 20 பேரில் ஒருவர் எல்லைக்கு வெளியேதான் நிற்பார். ஒரே நாளில் 20 பரிசோதனை செய்தவருக்கு ஏதாவது ஒன்றில் எழுத்து விழுந்தால் அது புதினமில்லை. எல்லையைக் கொஞ்சம் தாண்டிய ஒரு எண்ணை நினைத்து நித்திரையைத் தொலைக்கத் தேவையில்லை.

வன்னியில் இதைவிடப் பெரிய பிழை ஒன்று நடக்கிறது. எழுத்து விழாத எண்ணை ‘நோர்மல்’ என்று சொல்லி மடித்து வைத்துவிடுகிறோம்.

கிரியற்றினினை எடுத்துக்கொள்ளுங்கள். இது தசையில் இருந்து வரும் கழிவு. சிறுநீரகம் அதை வடித்து வெளியேற்றுகிறது. 25 வயது ஆண் ஒருவருக்கு 1.2 என்று வந்தால் அவருடைய வடிகட்டும் திறன், அதாவது ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏறத்தாழ 86. அதே 1.2 மெலிந்த 65 வயது அம்மாவுக்கு வந்தால் திறன் 50 அளவுதான். அவருடைய உடம்பில் தசை குறைவு, கழிவும் குறைவாகத்தான் உண்டாகும். அப்படியிருந்தும் 1.2 இல் நிற்கிறது என்றால் அது வெளியே போகாமல் தேங்குகிறது. ஆண், பெண், வயது பிரிக்காமல் ஒரே எல்லையை அச்சிடும் லாப்பில் இரண்டு பேருக்கும் எழுத்து விழாது. ஆகவே கிரியற்றினின் எண்ணோடு நிற்காமல் “டொக்டர், ஈ.ஜி.எஃப்.ஆர். எவ்வளவு?” என்று கேளுங்கள். வயதும் பாலும் தெரிந்தால் ஒரு நிமிடத்தில் கணக்குப் பார்த்துச் சொல்வார்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1990களில் வட மத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்த, காரணம் உறுதியாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்திலும் இருக்கிறது. இந்த நோய் வந்தவருக்குச் சீனி இருக்காது, தொடக்கத்தில் பிறசரும் இருக்காது, கால் வீங்காது. சலத்தில் புரதமும் சொற்பமாகத்தான் போகும். அதனால் சலத்தில் தோய்க்கும் பட்டி ‘புரதம் இல்லை’ என்று காட்டியதை நம்பி விட்டுவிடக் கூடாது. வயல் வேலை செய்பவர்கள், வீட்டில் யாருக்காவது கிட்னி வருத்தம் இருப்பவர்கள் வருத்தம் தெரியாவிட்டாலும் வருடம் ஒருமுறை கிரியற்றினின் பார்ப்பது நல்லது.

நேர்மாறான பிழையும் உண்டு. ஒருமுறை 1.6 என்று வந்ததும் “கிட்னி பழுதாப் போச்சு” என்று வீடே இடிந்துபோய் இருக்கும். வெயிலில் நாள் முழுக்க வெட்டிக் கொத்திவிட்டு, தண்ணீர் போதாமல் அடுத்த நாள் காலையில் இரத்தம் கொடுத்தால் கிரியற்றினின் ஏறும். வயிற்றோட்டம், சத்தி, முதல் நாள் இரவு நிறைய இறைச்சிக் கறி எல்லாம் ஏற்றும். நாரி உழைவுக்குப் பார்மசியில் வாங்கிப் போடும் டைக்குளோபினாக் குளிசை கணக்கைக் குழப்புவதோடு நிற்காது, சிறுநீரகத்தையே கெடுக்கும். இவற்றை நிறுத்தி, நன்றாகத் தண்ணீர் குடித்து, டொக்டர் சொல்லும் நாளில் திரும்பப் பார்க்க வேண்டும். ஈ.ஜி.எஃப்.ஆர். 60க்குக் கீழ் 3 மாதத்துக்கு மேல் நின்றால்தான் நாட்பட்ட நோய் என்ற பேச்சு. ஆனால் ஒரு கிழமைக்குள் கிரியற்றினின் முன்னைய எண்ணின் ஒன்றரை மடங்காக ஏறியிருந்தால், அல்லது சலம் போவது குறைந்திருந்தால், காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

‘கிட்னியைக் கழுவும்’ கசாயம் என்று கண்ட வேர்களையும் அவித்துக் குடிக்காதீர்கள். ஈஸ்வரமூலி சேர்ந்த இனச் செடிகளில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை நிரந்தரமாகக் கருக்கும் நஞ்சு.

அலகையும் பாருங்கள். ஒரு லாப் 1.2 என்று தரும், இன்னொன்று 106 என்று தரும். இரண்டும் ஒரே அளவுதான். முதலாவது மில்லிகிராம் கணக்கு, மற்றது மைக்ரோமோல் கணக்கு, 88.4 ஆல் பெருக்கினால் ஒன்று மற்றதாகும். சீனியில் பெருக்கும் எண் 18. வெறும் வயிற்றில் 7 மில்லிமோல் என்றால் 126 மில்லிகிராம், அது சலரோகத்தின் எல்லை. “போன மாதம் 130, இப்ப 7.2, நல்லாக் குறைஞ்சிட்டுது” என்று குளிசையை நிறுத்தினால் விளைவு பாரதூரம்.

காய்ச்சலுக்கு வருவோம். மாரி தொடங்கிக் காலபோக வயலில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் டெங்கும் எலிக்காய்ச்சலும் ஒன்றாகவே வரும். இரண்டிலும் பிளேட்லெட் குறையும். பிளேட்லெட்டை மட்டும் பார்ப்பதுதான் இங்கே முதல் பிழை. டெங்கில் உயிருக்கு ஆபத்து இரத்தக் குழாயில் இருந்து நீர் கசிவது. அதைக் காட்டுவது அதே ரிப்போர்ட்டில் உள்ள பி.சி.வி. அல்லது எச்.சி.ரி. என்ற எண், அதாவது இரத்தத்தில் சிவப்பணு எத்தனை வீதம் என்பது. முதல் நாள் 38 இருந்தது பிறகு 46க்கு வந்தால் 20 வீதத்துக்கு மேல் ஏறிவிட்டது, நீர் கசிகிறது. பிளேட்லெட் 90,000 இல் நின்றாலும் அந்த நோயாளிதான் கூடுதல் ஆபத்தில் இருக்கிறார். முதல் நாள் எண் இல்லாவிட்டால் 46 கூடுதலா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் காய்ச்சலின் மூன்றாம் நாளுக்குள் எஃப்.பி.சி. என்ற முழு இரத்த எண்ணிக்கைப் பரிசோதனை ஒன்று எடுத்து, அந்தத் துண்டைப் பத்திரப்படுத்துங்கள்.

காய்ச்சல் தொடங்கிய திகதியோடு நேரத்தையும் எழுதுங்கள். ‘மூன்று நாளா’ என்று வீட்டில் ஆளுக்கொரு கணக்கு இருக்கும். டெங்குக் கிருமியைத் தேடும் என்.எஸ்.1 பரிசோதனை முதல் 5 நாளில்தான் பெரும்பாலும் பிடிக்கும், அதிலும் ‘இல்லை’ என்று வந்தால் டெங்கு இல்லை என்று ஆகாது. காய்ச்சல் விட்ட அன்று ‘சுகமாயிட்டுது’ என்று பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புவது மிகப் பெரிய பிழை. கசிவு தொடங்குவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். அடுத்த 24 முதல் 48 மணித்தியாலத்தில் வயிற்று நோவு, ஓயாத சத்தி, கை கால் குளிர்தல், மயக்கம், சலம் போகாமை, எது வந்தாலும் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். பப்பாசி இலைச்சாறு கொடுத்துக்கொண்டு வீட்டில் வைத்திருப்பதில் போகும் மணித்தியாலங்கள் திரும்பி வராது. பனடோல் தவிர வேறு காய்ச்சல் குளிசையும் வேண்டாம்.

எலிக்காய்ச்சலில் கெண்டைக்கால் தசை தொடவிடாமல் நோகும், கண் சிவக்கும், தலையிடிக்கும். பிறகு சலம் குறையும், கண் மஞ்சளாகும். இதற்கான இரத்தப் பரிசோதனை முதற் கிழமையில் பலருக்கு ‘இல்லை’ என்றே வரும், ஏனென்றால் அது தேடும் எதிர்ப்புப் பொருள் உடம்பில் இன்னும் உண்டாகியிருக்காது. டொக்டர்கள் ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் சந்தேகத்திலேயே மருந்து தொடங்குவது அதனால்தான். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் முதலில் என்னவென்று தெரியாத காய்ச்சலாகப் பேசப்பட்டதும் கடைசியில் எலிக்காய்ச்சல்தான். அந்தச் சந்தேகம் டொக்டருக்கு வர வேண்டுமென்றால் “வயலுக்குள்ள இறங்கினனான், காலில புண் இருந்தது” என்று நீங்கள் சொல்ல வேண்டும். கேட்காமலே சொல்லுங்கள்.

இரத்தம் எடுக்கும் இடத்திலும் பிழை நடக்கும். கிராமத்தில் எடுத்து நகரத்து லாப்புக்குப் போகும் இரத்தம் சரியான குழாயில் இல்லாவிட்டால், அதில் உள்ள சீனி மணித்தியாலத்துக்கு 5 முதல் 7 வீதம் குறையும். சீனிக்கு சாம்பல் மூடிக் குழாய்தான் வழமை. எடுக்கையில் சிவப்பணு உடைந்தால் பொட்டாசியம் பொய்யாக ஏறும். குழாய்க்குள் பிளேட்லெட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் இயந்திரம் குறைவாக எண்ணும். காய்ச்சலும் இல்லை, காயமும் இல்லை, பிளேட்லெட் மட்டும் 40,000 என்று வந்தால், பயப்பட முன்னம் ‘பிளட் பிக்ச்சர்’, அதாவது நுணுக்குக்காட்டியில் இரத்தத்தை, பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஹீமோகுளோபின் குறைந்தால் இரும்புச்சத்துக் குளிசை என்று முடிவாகிவிடும். சிவப்பணுவின் பருமனைக் காட்டும் எம்.சி.வி. குறைவாக, ஆனால் சிவப்பணு எண்ணிக்கை கூடுதலாக இருந்தால் அவர் தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் குறைபாட்டின் காவியாக இருக்கலாம், இரும்பு அவர்களுக்கு உதவாது. உடம்பில் சேமித்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் 15க்குக் கீழ் என்றால் இரும்புக் குறைபாடு உறுதி. அதற்குக் குளிசை போடுபவர் தேத்தண்ணியோடு போட்டால் உடம்பில் சேராது. ஒரு மணித்தியாலம் தள்ளிப் போடுங்கள், தேசிக்காய்த் தண்ணீர் சேர்த்தால் நல்லது. ஆனால் ஐயா ஒருவருக்கோ, மாதவிடாய் நின்ற அம்மாவுக்கோ இரும்பு குறைந்தால் குளிசையோடு நிற்கவே கூடாது. வயிற்றிலோ குடலிலோ இரத்தம் கசிகிறதா என்று தேட வேண்டும்.

கடைசியாக, எல்லா ரிப்போர்ட்டும் நன்றாக இருக்க, வருத்தம் மட்டும் போகாதவர்கள். இரண்டு கிழமைக்கு மேல் இருமல், பின்னேரக் காய்ச்சல், உடம்பு மெலிவு இருந்தால் இரத்தத்தில் தேடிக்கொண்டு இருக்க வேண்டாம். கசநோயைக் காட்டுவது சளிப் பரிசோதனை. அரச மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் அது இலவசம். உடம்பில் ஷெல் துண்டு இருப்பவர்கள் எந்த டொக்டரிடம் போனாலும் அதை முதலில் சொல்ல வேண்டும், எம்.ஆர்.ஐ. எழுதினால் கட்டாயம். காந்தம் இரும்புத் துண்டை அசைத்துவிடும்.

நெஞ்சு படபடப்பு, உடம்பு முழுக்க நோவு, நித்திரையின்மை, எதிலும் மனம் ஒட்டாமை என்று வருடக்கணக்காக இருப்பவரிடம் “ரிப்போர்ட்டில ஒண்டுமில்லை, சும்மா சொல்லுறா” என்று சொல்லிவிடாதீர்கள். அந்த நோவு உண்மையானது. இழப்பும் இடப்பெயர்வும் பட்ட உடம்பு இப்படியும் பேசும், அதற்கு மருத்துவம் உண்டு. மாவட்ட ஆஸ்பத்திரிகளில் உளநலப் பிரிவு இருக்கிறது. 1926 என்ற உளநல உதவி இலக்கத்துக்கு அழைத்தும் பேசலாம்.

டொக்டரிடம் போகையில் ஒரு கொப்பியில் நான்கு நிரல் போட்டுக் கொண்டு போங்கள்: திகதி, லாப், எண், அலகு. குடிக்கும் மருந்துகளின் அட்டையையும், நாட்டு மருந்து உட்பட, பையில் போடுங்கள். 2009 யுத்தத்தில் எல்லாத் துண்டுகளையும் தொலைத்தவர்கள், நினைவில் உள்ள சத்திரசிகிச்சை, இரத்தம் ஏற்றியது, பாம்புக்கடி என்பவற்றை வருடத்தோடு முதல் பக்கத்தில் எழுதலாம். பளபளக்கும் மெல்லிய தாளில் அச்சிட்ட ரிப்போர்ட் சில மாதங்களில் எழுத்து மங்கிப்போகும், வாங்கிய அன்றே ஒரு போட்டோக்கொப்பி எடுத்து வையுங்கள்.