மடிக்கணினியின் செயலிக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

மடிக்கணினி மெதுவானதும் நாம் முதலில் சந்தேகிப்பது அதன் மூளையான செயலியை, அதாவது பிராசசரைத்தான். சிங்கப்பூரின் சிம் லிம் சதுக்கத்துக் கணினிக் கடைகளில், "இதற்குப் பெரிய பிராசசர் போட்டுத் தர முடியுமா?" என்று பலர் விசாரிப்பதைக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலான கருவிகளுக்கு முடியாது என்பதே விடை. கழற்றி மாட்டும் சாக்கெட்டுடன் வந்த இன்டெல் மடிக்கணினிச் செயலிகள் 4ஆம் தலைமுறையோடு முடிந்துவிட்டன. அதன்பின் வந்த ஏறக்குறைய எல்லா மடிக்கணினிகளிலும் செயலி மதர்போர்டு என்னும் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே செயலியை உயர்த்துவது என்றால், புதிய கருவி வாங்குவது, அல்லது வாங்கும்போதே இன்டெலின் ஐ5 இருக்குமிடத்தில் அதற்கு மேற்படியான ஐ7 கேட்பது என்றுதான் பொருள்.

அதற்கு முன், இருக்கும் கருவியில் அடைப்பு எங்கே என்று பார்த்துவிட வேண்டும். விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்த வேலையில் கருவி திணறுகிறதோ அதே வேலையைச் செய்யுங்கள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகள், "மாமா, இதைத் தூக்கிப் போட வேண்டியதுதான்" என்று கொண்டுவந்த கருவியில் அப்படிப் பார்த்தபோது, செயலியின் பயன்பாட்டைக் காட்டும் சிபியு 25 விழுக்காட்டைத் தாண்டவில்லை. திறந்திருக்கும் வேலைகளைத் தாங்கும் மெமரியோ (ராம்) 94 விழுக்காட்டில் நின்றது. இருந்தது 8 ஜிபி. செயலி சும்மா காத்துக்கொண்டிருந்தது. (மெல்லிய கருவிகள் பலவற்றில் மெமரியும் பற்றவைக்கப்பட்டே வருவதால், கூடுதலாகப் போட இடமுண்டா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.)

சிபியு 100 விழுக்காட்டை ஒட்டியே நின்றாலும் உடனே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. அதே பக்கத்தில் வேகம் கிகாஹெர்ட்ஸில் தெரியும். வேலை தொடங்கியபோது உயர்ந்திருந்த எண், சில நிமிடங்களில் கீழே குறிப்பிட்டுள்ள அடிப்படை வேகத்துக்கும் கீழே சரிந்தால், செயலி சூட்டைத் தாங்காமல் தன்னைத்தானே அடக்கிக்கொள்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். குளிர்சாதனம் போடாத வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கூடத்தில், தூசி அடைத்த விசிறியோடு இயங்கும் கருவிக்கு இது வியப்பல்ல. விசிறியைச் சுத்தம் செய்து, செயலியின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் என்னும் பசை காய்ந்திருந்தால் அதை மாற்றினாலே பல கருவிகள் தேறிவிடும்.

இவை எதுவும் இல்லை, செயலியே போதவில்லை என்று தெரிந்த பின்புதான் பெயர்களைப் படிக்கத் தொடங்க வேண்டும். இங்கேதான் பணம் வீணாகிறது. ஐ5-1235யூ, ஐ7-1255யூ இரண்டிலும் 10 கோர்கள் (தனித்தனியே வேலை செய்யும் பகுதிகள்), 12 திரெட்கள் (ஒரே நேரத்தில் நடத்தக்கூடிய வேலை இழைகள்), 12 எம்பி கேஷ் (செயலிக்குள்ளேயே இருக்கும் விரைவு நினைவகம்), 15 வாட் அடிப்படை மின்திறன். உச்ச வேகம் மட்டும் 4.4, 4.7 கிகாஹெர்ட்ஸ் என்று வேறுபடுகிறது. அந்த 7 விழுக்காடும் நீண்ட வேலையில் சூட்டுக்கு முன் கரைந்துவிடக்கூடும். 5, 7 என்னும் எண்ணைவிட இறுதியில் உள்ள எழுத்துதான் அதிகம் சொல்கிறது: யூ என்றால் சிக்கனம், எச் என்றால் கூடுதல் மின்சாரமும் கூடுதல் வேலையும். இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் செயலிகளிலும் ஏமாற இடமுண்டு. ரைசன் 5 7520யூ புதியதுபோல் ஒலித்தாலும், மூன்றாம் இலக்கமான 2 அது பழைய ஸென் 2 வடிவமைப்பு என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. 7540யூ என்றால் அதைவிடப் புதிய ஸென் 4.

பிறகு கணக்கு. 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் சேர்த்து விலை வேறுபாடு 400 வெள்ளி, கருவியை நான்கு ஆண்டு வைத்திருப்பீர்கள் என்று கொண்டால், ஆண்டுக்கு 100 வெள்ளி. வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் காணொளி ஏற்றுமதி செய்பவருக்கு மேற்சொன்ன ஐ5க்குப் பதில் ஐ7 மிச்சப்படுத்துவது அதிகபட்சம் நான்கு நிமிடம். அதற்கு நான் தரமாட்டேன். அதே பணம் யூவிலிருந்து எச்சுக்குப் போக உதவுமானால், நாள்தோறும் காணொளியோ நிரலோ தொகுப்பவருக்குத் தரலாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 பெரும்பாலும் இன்டெல் 8ஆம் தலைமுறை முதலான செயலிகளையே ஏற்கிறது. அதற்கு முந்திய கருவியில் விண்டோஸையே தொடர விரும்புவோர், வேகம் போதுமானதாக இருந்தாலும் புதியதற்குப் பணம் ஒதுக்குவதே நல்லது.

அக்கா மகளின் கருவியில் இப்போது 16 ஜிபி இருக்கிறது. பெரிய காணொளி வேலை வரும் நாளில் மட்டும் கல்லூரிக் கணினிக்கூடத்துக்குப் போகிறாள்.